பெட்டியின் நிறையும் ஒலியின் நிறைவும்

ஒலிபெருக்கி வாங்கச் செல்பவர் முதலிற் செய்வது யாது? அதனைக் கேட்பதன்று, தூக்கிப் பார்ப்பதே. இருவர் சேர்ந்து தூக்க வேண்டியதாயின் 'நல்ல சாமான்' என்று தலையை அசைக்கிறார். ஒரு கையால் எழும்பினால் உதட்டைப் பிதுக்குகிறார். விற்பவரும் இம்மனப்போக்கை நன்கு அறிவர். ஆதலின் விலைப்பட்டியலிலே நிறை ஒரு சிறப்பியல்பாக இடம் பெறுகின்றது. நிறை என்னும் சொல் தமிழிலே பாரத்தையும் குறிக்கும். நிரம்பிய தன்மையையும் குறிக்கும். சொல்லளவில் இவ்விரண்டும் ஒன்றாயிருப்பது மொழிக்கு அழகு. பணம் கொடுக்குமிடத்தில் இரண்டையும் ஒன்றென மயங்குவது நட்டம்.

பாரமான பெட்டியெல்லாம் இனிது ஒலிக்கும் என்பதும், இலேசான பெட்டியெல்லாம் இழிவாக ஒலிக்கும் என்பதும் பௌதிகம் ஒப்பாத கூற்றுக்கள். இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். விழாக்காலங்களிலே பழைய மாணவர்கள் தாம் பயின்ற கல்லூரிக்கு ஏதேனும் ஒன்றை அன்பளிப்பாக வழங்க விழைவது நம்மவர் வழக்கம். அவ்வாறு வழங்கப்படுவனவற்றுள் மண்டபத்துக்கான ஒலிபெருக்கிகளுக்கு என்றும் ஓர் இடம் உண்டு. அன்போடு கொடுக்கும் பணம் அறிவோடும் செலவாக வேண்டும் அன்றோ?

முதலில், பெட்டி எதற்கு என்பதைக் காண்போம். இன்று வழங்கும் ஒலிபெருக்கியின் அடிப்படை அமைப்பை அமெரிக்காவின் ஜெனரல் இலெக்றிக் கம்பனியைச் சேர்ந்த றைஸ், கெலொக் என்னும் இருவர் 1925 இல் விளக்கி எழுதினர். காந்தப் புலத்திலே தொங்கும் ஒரு கம்பிச்சுருள். அதனோடு பொருந்திய கடதாசிக் கூம்பு. மின்னோட்டம் மாறும்போது சுருள் முன்னும் பின்னும் அசையும். கூம்பு காற்றைத் தள்ளும். கூம்பு முன்னே காற்றை நெருக்கும் அதே கணத்தில் பின்னே காற்று ஐதாகின்றது. முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று சந்தித்தால், அலைநீளம் கூடிய தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். பெட்டியில்லாத ஒலிபெருக்கியிலே மிருதங்கத்தின் தொப்பி ஒலி கேளாது போவது இதனாலேயே. பின்னலையைச் சிறைப்படுத்துவதே பெட்டியின் முதற்பணி.

சிறைப்பட்டவன் சும்மா இருப்பதில்லை. பெட்டிக்குள் அடைபட்ட அலை சுவர்களை மோதுகின்றது. கூம்பின் அசைவுக்கு எதிர்த்தாக்கமாக அதன் இரும்புச் சட்டமும் பெட்டியை உதைக்கின்றது. இவ்விரண்டினாலும் பலகைகள் அதிர்ந்து, தாமும் ஒலி எழுப்புகின்றன. இதன் அளவைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். 8 அங்குல ஒலிபெருக்கி ஒன்றின் கூம்பிலே காற்றைத் தள்ளும் பரப்பு ஏறக்குறைய 215 சதுர சென்ரிமீற்றர். அதனைத் தாங்கும் பெட்டி 60 சென்ரிமீற்றர் உயரமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் ஆழமும் உடையதாயின், அதன் ஆறு முகங்களின் பரப்பு 9,000 சதுர சென்ரிமீற்றர். கூம்பின் பரப்பிலும் 40 மடங்குக்கு மேல்! பலகைகள் யாவும் ஒரே முகமாக அசையுமெனின், கூம்பினது வீச்சத்தின் 40 இல் ஒரு பங்கு அசைவே கூம்புக்கு நிகரான ஒலியை எழுப்பப் போதுமானது. உண்மையிலே பலகைகள் அவ்வாறு ஒருமுகமாக அசைவதில்லை. ஓரங்கள் அசையாது நிற்க நடு அசையும். ஒரு பகுதி வெளியே வர இன்னொரு பகுதி உள்ளே போகும். எனினும் கண்ணுக்குப் புலப்படாத அசைவும் செவிக்குப் புலப்படக் கூடும் என்பது இக்கணக்கினால் விளங்கும்.

அதனால் என்ன கேடு, வீணையின் குடமும் அதிர்கின்றதன்றோ என்று கேட்பாருளர். நல்ல கேள்வி. வீணையின் பலாமரக் குடம் பாடுவதற்கென்றே குடையப்பட்டது. அதன் அதிர்வே அவ்வாத்தியத்தின் குரல். ஒலிபெருக்கியோ ஒரு வாத்தியமன்று. வீணையையும் மிருதங்கத்தையும் நாதஸ்வரத்தையும் ஓதுவாரின் குரலையும் அவ்வவற்றின் தன்மை கெடாது எடுத்துச் சொல்ல வேண்டிய தூதுவன் அது. தூதுவன் தன் சொந்தச் சொல்லைக் கலந்தால் தூது கெடும். பெட்டிக்கென ஒரு குரல் இருக்குமாயின், அதன்வழி வரும் எல்லாக் குரலிலும் அக்குரலின் சாயல் படியும். பேச்சாளர் பானைக்குள் இருந்து பேசுவது போலத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். நடுத்தர அளவான பெட்டிகளின் பலகைகள் பெரும்பாலும் செக்கனுக்குச் சில நூறு அதிர்வுகள் என்னும் வீச்சிலேயே பரிவுறுகின்றன. மனிதக் குரலின் உடற்பகுதி கிடக்குமிடமும் அதுவே.

இனி, பெட்டியை எவ்வாறு மௌனமாக்குவது? திணிவு, விறைப்பு, தணிப்பு என மூன்று கருவிகள் உள. மூன்றும் வேறு வேறு இடத்தில் வேலை செய்வன. உயர்தர வகுப்பிலே வலிந்த அதிர்வைப் படித்த மாணவர் இதனை உடனே உணர்வர். எந்தப் பலகைக்கும் ஓர் இயற்கை மீடிறன் உண்டு. அதனிலும் தாழ்ந்த மீடிறனில் அதனை அசைக்க முயன்றால், எதிர்த்து நிற்பது அதன் விறைப்பு. உயர்ந்த மீடிறனில் அசைக்க முயன்றால், எதிர்த்து நிற்பது அதன் திணிவு. சரியாக இயற்கை மீடிறனிலேயே அசைத்தால், விறைப்பும் திணிவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எஞ்சி நிற்பது தணிப்பு ஒன்றே. ஊஞ்சலிலே இருப்பவர் எவ்வளவு பாரமானவராயினும், உரிய வேளையில் உந்தினால் ஒரு குழந்தையும் அவரை ஆட்டிவிடலாம். பாரம் அங்கே காவலன்று. பெட்டி குற்றவாளியாவது இயற்கை மீடிறனிலேதான். அவ்விடத்திலே திணிவு மாத்திரம் கைகொடாது என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இன்னும் ஒரு படி செல்வோம். இயற்கை மீடிறன், விறைப்பைத் திணிவால் வகுத்து வருவதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமையும். செக்கனுக்கு 200 அதிர்விலே பரிவுறும் பலகைமேல் விறைப்பில்லாத ஈயத்தகட்டை ஒட்டி அதன் திணிவை இரட்டிப்பாக்கினால், பரிவு 141 க்கு இறங்கும், மறையாது. அதே பலகையின் தடிப்பை இரட்டிப்பாக்கினாலோ, திணிவு இரு மடங்காக, விறைப்பு தடிப்பின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப எட்டு மடங்காகின்றது. பரிவு 400 க்கு ஏறும். தடிப்பை மாற்றாது, சதுரப் பலகையொன்றின் நடுவே குறுக்குச் சட்டம் ஒன்றை உறுதியாகப் பொருத்தி அதனை இரு கூறாக்கினால், பரிவு ஏறத்தாழ இரண்டரை மடங்காகி 500 ஐ எட்டும். பலகையை இரட்டிப்பாக்குவதற்குச் சில கிலோகிராம் மரம் வேண்டும். சட்டத்துக்கோ சில நூறு கிராம் போதும். எது தச்சனின் அறிவைக் காட்டும், எது அவன் மரக்காலையின் செழிப்பைக் காட்டும் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

பாரத்துக்கும் விறைப்புக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதுபோல் அத்துணை நெருங்கியதன்று. உருக்கு அலுமினியத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தியுடையது. அதன் யங்கின் மட்டும் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே ஒரே தடிப்பும் ஒரே அளவும் உள்ள உருக்குத் தகடும் அலுமினியத் தகடும் ஏறக்குறைய ஒரே மீடிறனிற் பரிவுறும். இரண்டையும் சுண்டிப் பார்த்தால் இரண்டும் மணி போல் ஒலிக்கும். ஏனெனில் உலோகங்களுக்கு உட்தணிப்பு மிகக் குறைவு. மரத்தூளை நெருக்கி ஒட்டிய எம்.டி.எவ். பலகையோ விறைப்பிலே உலோகத்துக்கு எட்டாத் தூரத்தில் நிற்பது. ஆயினும் சுண்டினால் மந்தமாய் ஒலித்து அடங்கும். இன்றைய பெட்டிகளுட் பெரும்பாலானவை அப்பலகையாலே ஆவதற்கு மலிவு ஒரு காரணம். அம்மந்தம் மற்றொரு காரணம்.

இவ்விடயத்திலே முன்னோர் சென்ற வழிகளை நோக்கினால், அவை ஒன்றுக்கொன்று நேர்மாறாக இருப்பது வியப்பளிக்கும். இங்கிலாந்தின் வோவ்டேல் நிறுவனத்தை 1932 இல் தொடங்கிய கில்பேட் பிறிக்ஸ் பாரத்தின் பக்கம் நின்றவர். இரண்டு பிளைவூட் பலகைகளுக்கிடையே உலர்ந்த மணலை நிரப்பிப் பெட்டிச் சுவர் சமைத்தார். செங்கல்லையும் கொங்கிறீற்றையும் பயன்படுத்திப் பார்த்தார். 1954 இல் இலண்டன் றோயல் பெஸ்ரிவல் மண்டபத்திலே, மேடையில் இருந்து வாசித்த கலைஞரின் இசையையும் அதன் ஒலிப்பதிவையும் அடுத்தடுத்துக் கேட்பித்து, சபையோரை ஒப்புநோக்கச் செய்தவரும் அவரே. மணற்சுவரின் வெற்றிக்குப் பாரம் மாத்திரம் காரணமன்று. மணற்பருக்கைகள் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வின் சக்தியை வெப்பமாக்கின. பாரத்தோடு தணிப்பும் சேர்ந்தமையாலேயே அது பலித்தது.

பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் ஆய்வாளர் நேரெதிர் வழிச் சென்றனர். ஒலியை நிறுத்திய பின்னும் ஒலிபெருக்கியில் எஞ்சி நிற்கும் பரிவுகளை எவ்வாறு அளந்து வரைவது என்று சோட்டர் என்பவர் 1946 இலேயே எழுதினார். அவ்வழி வந்த ஹார்வூட், மத்தியூஸ் ஆகிய இருவரும் பெட்டிகளின் அமைப்புப் பற்றி 1977 இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். பலகையை மேலும் மேலும் தடிப்பாக்கினால் பரிவு மறைவதில்லை. செவி இன்னும் கூர்மையாக உணரும் மீடிறன்களுக்கு அது ஏறிவிடுகின்றது. தடித்த பலகையை அடக்குவதும் கடினம். மெல்லிய பலகையாயின், உட்புறத்தில் ஒட்டும் தார்கலந்த படை அதனை எளிதில் அடக்கும். இதுவே அவ்வழியின் சாரம். ஒலிபரப்பு வண்டிகளுக்குள் வைத்துக் கேட்பதற்காக 1970 களின் முற்பகுதியில் அக்கூட்டுத்தாபனம் ஆக்கிய எல்.எஸ். 3/5 ஏ என்னும் சிறு ஒலிபெருக்கி, 12 மில்லிமீற்றர் பேர்ச்மரப் பிளைவூட்டாலானது. நிறை ஏறக்குறைய 5 கிலோகிராம். மனிதக் குரலை இயல்பாக உரைப்பதிலே அது பெற்ற புகழ் இன்றும் மங்கவில்லை. தூக்கிப் பார்த்து மதிப்பவர் கையில் அகப்பட்டிருந்தால் அது கடையிலேயே கிடந்திருக்கும்.

மூன்றாவது வழி, பாரமின்றி விறைப்பைப் பெறுவது. செலெஸ்ரியன் நிறுவனம் 1983 அளவில், விமானங்களுக்கென ஆக்கப்பட்ட தேன்கூட்டு அமைப்புடைய அலுமினியப் பலகையாற் பெட்டி செய்தது. பி. அன்ட் டபிள்யூ. நிறுவனம் 1980 களிலே பெட்டியின் உள்ளே அறையறையாகக் குறுக்குப் பலகைகளைப் பின்னி விறைப்பாக்கியது. குவாட் நிறுவனத்தின் பீற்றர் வோக்கரோ எல்லாரிலும் துணிந்தவர். 1957 இல் விற்பனைக்கு வந்த அவரது நிலைமின் ஒலிபெருக்கிக்குப் பெட்டியே இல்லை. அதனால் தாழ்ந்த ஒலியின் வலு குறைந்தது; பெட்டியின் குரலோ அறவே ஒழிந்தது. மணற்சுவர், மெல்லிய சுவர், தேன்கூட்டுச் சுவர், சுவரின்மை ஆகிய நான்கும் நல்ல ஒலியைத் தந்திருக்கையில், பாரம் ஒன்றே அளவுகோல் என்பது எவ்வாறு பொருந்தும்?

பாரத்துக்கு ஒரு பயனும் இல்லை என்பது என் கருத்தன்று. நியூற்றனின் மூன்றாம் விதியின்படி கூம்பு முன்னே பாயும்போது பெட்டி பின்னே உதைபடும். அசையும் பகுதி 20 கிராமும் பெட்டி 12 கிலோகிராமும் ஆயின் விகிதம் 600 க்கு 1. கூம்பு 3 மில்லிமீற்றர் அசையும்போது, தடையின்றி நிற்கும் பெட்டி ஒரு மில்லிமீற்றரின் 200 இல் ஒரு பங்கு அசையும். பாரத்தை இரட்டிப்பாக்கினால் இது பாதியாகும். உறுதியான தாங்கியும் பாரமும் இங்கே உண்மையாகவே உதவுகின்றன. எட்கார் வில்சர் 1954 இல் உலகுக்குத் தந்த காற்றுத்தடை முறைப் பெட்டிகளிலே அடைபட்ட காற்றே வில்லாக இயங்குவதால், சுவர்கள் வளையாதிருத்தல் இன்றியமையாதது. ஆகவே வேண்டியது விறைப்பு, அதனோடு தணிப்பு, தேவைக்கேற்ற பாரம். இவ்வரிசை மாறலாகாது.

பாரமான பெட்டிகளே பெரும்பாலும் நன்றாக ஒலிக்கின்றனவே என்று அனுபவசாலிகள் மறுக்கலாம். உண்மைதான். தடித்த பலகைக்குப் பணம் செலவிடும் உற்பத்தியாளர் நல்ல கூம்புக்கும் நல்ல சுற்றுக்கும் செலவிடுவர். நன்மை எதிலிருந்து வந்தது என்பதைப் பிரித்தறியாது பலகைக்கே புகழைக் கொடுத்துவிடுகிறோம். நம் கண்ணும் நம்மை ஏமாற்றும். புளொயிட் தூல், சோன் ஒலிவ் ஆகிய இருவரும் 1994 இல் வெளியிட்ட ஆய்விலே, ஒரே ஒலிபெருக்கிகளைத் திரைமறைவில் வைத்துக் கேட்டபோது ஒரு மதிப்பும், கண்ணாற் கண்டு கேட்டபோது வேறொரு மதிப்பும் கேட்போர் அளித்தனர். சிறிய, மலிவான தொகுதியின் மதிப்பு, கண்டதும் இறங்கியது. தூக்கிப் பார்த்த கையும் அவ்வாறே செவிக்கு முன்கூட்டித் தீர்ப்புச் சொல்லிக் கொடுக்கும். மேலும், பழைய ஒலிபெருக்கிகளின் பாரத்தில் ஒரு பெரும்பங்கு பெரைற்றுக் காந்தத்தினுடையது. 1980 களிலே தோன்றிய நியோடிமியம் காந்தம் சிறிதாயிருந்தே அதே வலுவைத் தருகின்றது. இக்காலத்தில் பாரத்தைக் கொண்டு எதனை மதிப்பது?

இனி நம் மண்டபங்களுக்கு வருவோம். பரிசளிப்பு விழாவிலே அதிபரின் அறிக்கை பின்வரிசைக்கு விளங்காமற் போவதற்குப் பெட்டி மாத்திரம் காரணமாவதில்லை. வெறுஞ்சுவரும் சீமெந்துத் தரையும் உள்ள மண்டபம் தானே ஒரு பெரும் பெட்டி. வலஸ் சபீன் என்பவர் 1895 இல் ஹார்வாட் சர்வகலாசாலையின் விரிவுரை மண்டபம் ஒன்றைத் திருத்தப் புகுந்து கண்ட விதி, ஒலி அடங்கும் நேரம் மண்டபத்தின் கனவளவுக்கு நேராகவும் உறிஞ்சும் பரப்புக்கு மாறாகவும் அமையும் என்பது. 30 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் 8 மீற்றர் உயரமும் உள்ள மண்டபத்தில் உறிஞ்சும் பரப்பு 200 சதுர மீற்றருக்குச் சமமாயின், ஒலி அடங்க ஏறக்குறைய 2.9 செக்கன் செல்லும். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையை மூடிவிடும். உறிஞ்சும் பரப்பை இரட்டித்தால் அது 1.45 செக்கனாகும். ஐம்பது கிலோகிராம் பெட்டியொன்றை மேடையேற்றுவதனால் இத்திருத்தம் வராது. திரைச்சீலையாலும் துளையிட்ட பலகையாலும் வரும். ஆகவே அன்பளிப்புச் செய்வோர் முதலில் மண்டபத்தையும், அடுத்து ஒலிவாங்கியையும், அதன் பின்னரே ஒலிபெருக்கியையும் நோக்குவாராக. ஒலிபெருக்கியைத் தெரியும்போதும், பழகிய ஒருவரின் குரலை அம்மண்டபத்திலேயே ஒலிக்கச் செய்து, பெட்டிகளைத் திரைக்குப் பின்னே வைத்துக் கேட்டுத் தீர்மானிப்பாராக.

அதனினும் சிறந்த அன்பளிப்பு ஒன்றுண்டு. ஒரு சோடி விலையுயர்ந்த பெட்டிகளின் விலையிலே ஒரு சிறு பங்கைப் பௌதிக ஆய்வுகூடத்துக்கும் மரவேலைக் கூடத்துக்கும் கொடுத்து, மாணவரையே பெட்டி செய்யவிட்டால் என்ன? ஒரே அளவில் மூன்று பெட்டிகள். ஒன்று தடித்த பலகையால், ஒன்று மெல்லிய பலகையுடன் குறுக்குச் சட்டத்தால், ஒன்று மெல்லிய பலகையுடன் தார்ப்படையால். மேற்பலகையிலே உலர்ந்த நுண்மணலைத் தூவி, செக்கனுக்கு 50 அதிர்விலிருந்து 1,000 வரை ஒலியை மெல்ல மெல்ல உயர்த்தட்டும். கிளாட்னி 1787 இல் தம் நூலில் வெளியிட்ட மணற்கோலங்கள் அவர்கள் கண்முன்னே எழும். எவ்விடத்தில் மணல் துள்ளுகின்றதோ அவ்விடமே பெட்டி பேசுமிடம். மருத்துவரின் இதயத்துடிப்புமானியைப் பலகையில் வைத்தும் கேட்கலாம். சிறு பீசோத் தகடொன்றை ஒட்டிக் கணினியிலே வரைந்தும் பார்க்கலாம். பரிவு, வலிந்த அதிர்வு, யங்கின் மட்டு என்று குறிப்புப் புத்தகத்திலே உறங்குவன அன்று விழித்தெழும். அளந்து பார்த்த பின் நம்புவது என்னும் பழக்கம் ஒரு மாணவனுக்கு வாய்க்குமாயின், பெட்டி உடைந்த பின்னும் அப்பழக்கம் நிற்கும்.

நல்ல பெட்டி எதுவெனின், தான் இருப்பதை அறிவிக்காத பெட்டி. அதனூடாக ஓதுவார் பாடினால் ஓதுவாரே கேட்க வேண்டும். சிறுவன் ஒருவன் நடுங்கும் குரலிலே தன் முதற் பேச்சைப் பேசினால் அந்நடுக்கமும் கேட்க வேண்டும். அவ்வடக்கத்தைப் பாரத்தினால் மாத்திரம் வாங்க முடியாது, அறிவினால் ஆக்கலாம். நம் கல்லூரி மண்டபத்திலே இனி எழும் குரல்கள் எவையாயினும் அவை தம் இயல்பு கெடாது கடைசி வரிசையையும் சென்றடைக.